சேதாரக் கட்டம்

புதன்கிழமை ஐந்தாவது பீரியட்.
பீரோ சாவி என் கழுத்தில், ஐடி கார்டோடு.
கதவை ஒரு உதை விட்டால்தான் திறக்கும்.
பத்மாசனி டீச்சரும் அப்படித்தான் திறப்பார்,
யாரும் பார்க்கவில்லை என்றால்.

கொருக்குப்பேட்டை கேட் மூடிவிட்டதாம்.
சோத்துக்கு வீட்டுக்குப் போனவர்கள்
கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டிவரை எண்ணிவிட்டு
வந்து தரையில் குந்துகிறார்கள்.
ஐம்பத்தெட்டு என்கிறான் ஒருத்தன்,
ஐம்பத்தொன்பது என்று சண்டை.

பேரேட்டில் ஆறு கட்டம்.
ஆறாவது, சேதாரம்.
போன வருஷ லீடர் முதல் வரியில் 'இல்லை' என்று எழுதி
அடிவரைக்கும் கோடு இழுத்துவிட்டான். சுத்த உடான்ஸ்.
நான் உள்ளதை எழுதுகிறேன்.

எண் 217, கடலுயிர்கள்.
முப்பதாம் பக்கத்தில் சங்கரா மீன் செதில் ஒன்று
காய்ந்து ஒட்டியிருக்கிறது.
எடுத்தவள் ஏகவள்ளி. அவள் அம்மாவுக்குக்
காசிமேட்டில் மீன் வெட்டும் வேலை.
பிய்த்துப்போட நகத்தை வைத்தேன்.
அச்சடித்த மீன் மங்கலாகக் கிடந்தது,
செதில் மட்டும் மினுக்கியது.
விரலை எடுத்துவிட்டேன்.

எண் 88, பேய்க்கதைகள்.
அட்டை போய்விட்டது, பேய் பாக்கி இருக்கிறது.
பதினெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள்.
நசீமா இரண்டு முறை எடுத்து
இரண்டு முறையும் ராத்திரியோடு ராத்திரியாகப்
பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாளாம்.
காலையில் வாங்கி
மிச்சத்தைப் படித்தாளாம், வெயிலில் நின்று.

எண் 340.
டிசம்பர் வெள்ளத்தில் ஊறி, மொட்டைமாடியில் காய்ந்து
இரண்டு மடங்காக உப்பிய புத்தகம்.
பிரித்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம்,
மோந்தால் இன்னமும் எண்ணெய் வாடை.
அதில் ஒரு ராணியைக் கோட்டையில் அடைக்கிறார்கள்.
அப்புறம் நாலு பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது.
அவள் எப்படித் தப்பித்தாள் என்று
எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது.
ஐந்தாவது பக்கத்தில் கப்பல் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.
எங்களுக்கு அது போதும்.

இன்று, பிடித்த புத்தகத்தைப் பற்றி
ஆளுக்கு ஒரு நிமிஷம்.
லூர்துசாமி கால்பந்து விதிகளைத் தூக்கிக்கொண்டு வந்து
ஆஃப்சைடை விளக்குகிறேன் பேர்வழி என்று
காலை வீசியதில் டீச்சரின் டம்ளர் காலி.
(அதற்குப் பேரேட்டில் கட்டமில்லை.)
ஏகவள்ளி திமிங்கிலத்தின் இதயத்தைக்
கை இரண்டும் விரித்துக் காட்டினாள்,
பத்தவில்லை,
பக்கத்தில் இருந்தவளின் கையையும் இழுத்து விரித்தாள்.

தேசப்பன் எடுத்துவந்தது எண் 1.
அகராதி. வீட்டுக்குத் தரக்கூடாது என்று முத்திரை.
'அதுல கதையே இல்லியேடா' என்றார்கள்.
சிரிப்பு அடங்கும்வரை நின்றான்.

'இதுல அப்பால் இருக்குது டீச்சர்.
அப்பாலிக்கா இல்ல.'

அவன் அப்பா டிரெய்லர் ஓட்டுகிறார்.
துறைமுக கேட்டு வரிசையில் மூன்றாவது நாளாக
எண்ணூர் ரோட்டில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு
போனில் தினமும் அந்த ஒரே சொல்லைச் சொல்கிறாராம்.
அதனால் தேடினானாம்.
அவன் இவ்வளவு நீளமாகப் பேசி
நான் கேட்டதே இல்லை.

பீரியட் முடிந்து அகராதியைப் பிரித்தேன்.
'அப்பால்' என்பதற்குக் கீழே, இடுக்கில்,
பென்சிலில், பொடி எழுத்தில்:
அப்பாலிக்கா – பிறகு.
எவ்வளவு பிறகு என்று கேட்கக்கூடாது.

கிறுக்கினால் ஐந்து ரூபாய் அபராதம்.
சுவரிலேயே எழுதியிருக்கிறது.
என் பாக்கெட்டில் அழிரப்பரும் இருந்தது.

பேரேட்டை எடுத்தேன். எண் 1. சேதாரம்:
ஒரு சொல் அதிகம்.

டீச்சர் கையெழுத்துப் போடும்போது
அந்த வரியில் பேனா கொஞ்சம் நின்றது,
பிறகு போட்டுவிட்டார்.

பீரோவை உதைத்து மூடி, எண்ணிப் பார்த்தால்
ஒன்று குறைகிறது.
எண் 88.
கையெழுத்தில்லாமல் நசீமா இட்டுக்கினு போயிருக்கிறாள்.
அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள்
இன்று ராத்திரி பாவம்.